மஞ்சள் போர்டு முதலாளி

தாம்பரத்துக்குத் தெற்கே, ஏரிகளெல்லாம் நகர்களாகிவிட்ட பகுதியில் இவரை அடிக்கடி பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். காலில் புது கம்பூட்ஸ், இன்னும் சேறு கண்டதில்லை. சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு. அதில் 'லேண்ட்ஸ்கேப்பிங், கார்டன் மெயின்டனன்ஸ், ட்ரீ கட்டிங்' என்று மூன்று தொழில்கள். பின்னணியில் எந்த தேசத்திலோ எடுத்த ஒரு புல்வெளி. வாடிக்கையாளர்கள் நாலு பேர். அதில் ஒருவர் சொந்த அக்கா என்பதால் காசு கேட்க முடியாது. மண்வெட்டி இருக்கிறது, அரிவாள் இருக்கிறது, செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன தெளிக்க வேண்டும் என்கிற ஞானமும் இருக்கிறது. இல்லாதது வண்டி ஒன்றுதான்.

"வண்டி மட்டும் வந்துடட்டும் சார், அப்புறம் பாருங்க" என்பார். எதைப் பார்ப்பது என்று கேட்டால் பதில் வராது.

வண்டியில் எழுதவேண்டியதெல்லாம் தயார். முன் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர், பின் டாலாவில் மகளின் பெயர், பக்கவாட்டில் கம்பெனியின் பெயர், அதன் கீழே இரண்டு போன் நம்பர். இரண்டாவது நம்பர் மனைவியுடையது. அந்த அம்மாளுக்கு இது இன்னும் தெரியாது. இவ்வளவும் எந்த வண்டியின் மேல் எழுதப்படும் என்பதுதான் பாக்கி.

அதற்கான ஆலோசனைக் கூட்டம் தினமும் காலையில் டீக்கடையில் நடக்கும். நம்மவர் நடுநாயகமாக நிற்பார். டீ எல்லோருக்கும் அவர் கணக்கு.

"குட்டி யானை எடுத்துடுங்கண்ணே" என்பான் ஒரு தம்பி. 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து தண்ணீர் கேன், கல்யாணப் பாத்திரம், கட்சிக் கொடி என்று தமிழ்நாடு அதன் முதுகில் ஏற்றாதது எதுவுமில்லை. முதலில் வந்த வண்டிக்கு இரண்டே சிலிண்டர், 702 சி.சி., முக்கால் டன் சுமை. சந்துக்குள் நுழையும், சந்துக்குள்ளேயே திரும்பவும் செய்யும். தோட்ட வேலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நீங்களும் நானும் நினைப்போம். நம்மவர் உதட்டைப் பிதுக்குவார். "ஒரு கஸ்டமர் வீட்டு வாசல்ல இது போய் நின்னா, நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?" கஸ்டமர் ஒன்றும் நினைக்கமாட்டார். மொட்டை மாடியில் விழுந்து கிடக்கும் தென்னை மட்டையை எப்போது எடுப்பார்கள் என்பதொன்றே அவர் கவலை.

"அப்போ தோஸ்த்?" ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் 2011-ல் கொண்டுவந்தது, ஒன்றேகால் டன் ஏற்றலாம். அதையும் கேட்டுக்கொள்வார். 2016-ல் வந்த மாருதி சூப்பர் கேரியைப் பற்றிச் சொன்னால் அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். கண் மட்டும் சாலையில் போகிற பொலிரோ பிக்கப்பின் பின்னாலேயே போகும். அதன் நெஞ்சு நிமிர்ந்த முகப்பைப் பார்த்ததும் அவர் தோளும் ஓர் அங்குலம் உயரும்.

ஏன் அவ்வளவு பெரிய வண்டி என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் 2016 டிசம்பர் 12-க்குப் போய்விடுவார். வர்தா புயலன்று சென்னையில் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் தெருத்தெருவாகச் சாய்ந்தன. பவர் சா வைத்திருந்தவனை ஊரே தேடிய வாரம் அது. "அன்னிக்கு மட்டும் நம்மகிட்ட ஒரு பிக்கப் இருந்திருந்தா..." என்று பெருமூச்சு விடுவார். அவருடைய தொழில் திட்டத்தில் முதல் பங்குதாரர் வானிலை ஆய்வு மையம். இப்போது கையிலிருக்கும் வேலையோ, அக்கா வீட்டு முருங்கையைக் கழிப்பதும், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் பன்னிரண்டு ரோஜாத் தொட்டிகளுக்கு மண் மாற்றுவதும்.

சுமையைப் பற்றி அவர் யோசிக்கவே மாட்டார் என்பதில்தான் எனக்கு வருத்தம். இந்தத் தொழிலில் ரசமான விஷயமே அதுதான். இலை தழையை ஏற்றினால் வண்டி நிறையும், எடை ஏறாது. வேப்பங்கிளை நாலைப் போட்டால் கேபினுக்கு மேலே தலை தெரியும், டயரோ அசைந்துகூடக் கொடுக்காது. அதற்கு வேண்டியது பெரிய என்ஜின் அல்ல. கிளையைத் துண்டு போட ஓர் அரிவாள், ஏறி மிதிக்க ஓர் ஆள், டாலாவுக்கு மேலே உயரமாக ஒரு கம்பி அடைப்பு, மூடிக் கட்ட ஒரு தார்ப்பாய். மண் இதற்கு நேர் எதிர். ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம் உள்ள சின்ன வண்டியின் தொட்டியில் அரை அடி உயரத்துக்கு ஈரச் செம்மண் பரப்பினாலே முக்கால் டன் வந்துவிடும். பார்ப்பவருக்குப் பாதி காலியாகத் தெரியும். "இன்னும் எவ்ளோ இடம் இருக்கு, போடுப்பா" என்பார் நம்மவர். அந்த இடத்தில் போட்டால் ஸ்பிரிங் பட்டை பேசும். பச்சை மரக்கட்டையும் இதே கதைதான். மரத்தைப் பொறுத்து ஒரு கன மீட்டர் முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் வரை இழுக்கும்.

அப்புறம் ஆட்கள். மரம் வெட்ட நாலு பேர் வேண்டும். ஏறுகிறவர் ஒருவர், கயிறு பிடிக்க இருவர், தெருவில் நின்று ஸ்கூட்டிக்காரர்களிடம் திட்டு வாங்க ஒருவர். சின்ன வண்டியின் கேபினில் ஓட்டுநரும் இன்னொருவரும்தான் உட்காரலாம். மற்றவர்கள் கிளைகளின் மேல் சாய்ந்து, வனராஜாக்களைப் போல வருவார்கள் என்பது நம்மவரின் கற்பனை. சரக்கு வண்டியின் தொட்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் சட்டம் சமாதானமாகிவிடும் என்பதும் அவருடைய இன்னொரு நம்பிக்கை. டிராஃபிக் போலீஸாருக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

சட்டம் என்றதும் அவருக்கு வருகிற பயமும் தவறான இடத்தில்தான் வரும். மஞ்சள் போர்டு என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் குடியிருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உண்மையில் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டே வேண்டாம் என்று மோட்டார் வாகனச் சட்டமே விட்டுவைத்திருக்கிறது. எஃப்.சி. மட்டும் காட்ட வேண்டும். புது வண்டிக்கு இரண்டு வருடம் செல்லும், எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம். கார் ஓட்டும் லைசென்ஸே இந்த மாதிரி இலகு ரக வண்டிக்குப் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து சொல்லியும்விட்டார்கள். இதையெல்லாம் சொன்னால் நம்மவர் முகம் வாடும். தடைகள் இருந்தவரைக்கும் வண்டி வாங்காததற்குக் காரணம் இருந்தது.

இடையில் புரோக்கர் ஒருவர் நுழைவார். "சார், சிங்கிள் ஓனர். பேப்பரெல்லாம் கரன்ட்ல இருக்கு. வெறும் பூ ஏத்தின வண்டி, பாரம்னா என்னன்னே அதுக்குத் தெரியாது." நம்மவர் போனட்டைத் திறந்து, என்ஜினை உற்றுப் பார்த்து, தலையை ஆட்டுவார். என்ஜினும் அவரைப் பார்க்கும். இருவருக்கும் முன்பின் அறிமுகமில்லை. கூட வந்த மெக்கானிக் தம்பி குனிந்து பின்பக்கம் பார்த்துவிட்டு எழுந்திருப்பான். "அண்ணே, பட்டை எக்ஸ்ட்ரா போட்டிருக்கான். செங்கல் அடிச்ச வண்டி." தொட்டியின் தகட்டைத் தட்டினால் துரு பொலபொலவென்று கொட்டும், கூடவே காசிமேட்டு வாசனையும் வரும். செங்கலுக்கு முன்னால் மீன். பூ எந்தக் காலத்தில் ஏற்றினார்கள் என்று கேட்க புரோக்கரைத் தேடினால், அவர் போனில் வேறு யாரிடமோ "வெறும் பஞ்சு ஏத்தின வண்டி சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பழைய வண்டி வேண்டாம், புதுசுதான் என்று முடிவாகும். பாங்குக்குப் போவார். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் படிகள் உண்டு. ஐம்பதாயிரம் வரை சிசு, ஐந்து லட்சம் வரை கிஷோர், பத்து லட்சம் வரை தருண். நாலு வாடிக்கையாளர் உள்ள தொழிலுக்குச் சிசுதான் சரி என்று மேனேஜர் நயமாகச் சொல்லிப் பார்ப்பார். இந்த வயதில் நம்மவர் சிசுவாக இருக்கச் சம்மதிப்பாரா? தருணாகிவிடுவார்.

இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். அதே ஏரியாவில் தென்னை ஏறுகிற பெரியவர். அவருக்கு விசிட்டிங் கார்டு கிடையாது. ஆனால் அவர் நம்பர் எல்லா வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் எழுதியிருக்கும். வைத்திருப்பது பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்னால் கால் வைக்கும் இடத்தில் பவர் சா, பின்னால் வடக்கயிறு, அரிவாள் சாக்குக்குள். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்து இந்த ரக வண்டிதான் தமிழ்நாட்டின் சிறு தொழில்களுக்கெல்லாம் முதல் லாரி. வெட்டுகிற வேலை முடிந்தால் ஸ்டாண்டிலிருந்து ஒரு குட்டி யானைக்குப் போன் போடுவார். அதன் வாடகையைக் கூலியோடு சேர்க்காமல் வீட்டுக்காரர் கணக்கில் தனியாக எழுதுவார். மரம் இல்லாத நாளில் அவருக்கு வண்டிச் செலவும் இல்லை. பழைய எக்ஸ்.எல்.லும் ஒரு பவர் சாவும் சேர்த்தாலும் மேனேஜர் சொன்ன அந்தச் சிசுவுக்குள் அடங்கிவிடும். நம்மவர் இந்தப் பெரியவரிடம் மட்டும் யோசனை கேட்டதில்லை. டீக்கடையில் அவர் பக்கத்திலேயேதான் நிற்பார்.

பிக்கப் வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது, அக்கா ஆரத்தி எடுத்தார். முதல் வேலையும் அக்கா வீட்டு முருங்கைதான். அந்தத் தெரு ஒன்பதடி, அதில் இரண்டடி ஒரு வீட்டின் படிக்கட்டுக்குப் போய்விட்டது. வண்டி தெருமுனையிலேயே நின்றுகொண்டது. கிளைகளை ஆட்கள் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவ்வளவையும் ஏற்றி முடித்தபோது தொட்டியின் ஒரு மூலைதான் பச்சையாக இருந்தது. குப்பையை எங்கே கொட்டுவது என்பதை அப்போதுதான் எல்லோரும் யோசித்தார்கள். இரண்டு நாள் முருங்கைக்கிளை வண்டியோடு ஊர்வலம் போயிற்று. கீரை கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி டியூ வந்தது. பன்னிரண்டு ரோஜாத் தொட்டிகள் அதைக் கட்டாது. முதலில் ஒரு நண்பரின் பீரோவை மாற்றிக் கொடுத்தார். பிறகு ஒரு ஃபிளாட்டே வீடு மாறியது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரைக் கடலுக்கு அழைத்துப் போனார். நடுவில் மைக் செட், பந்தல் கம்பு, கோழித் தீவனம். தோட்டத்துக்காக வண்டி வாங்கியவர் இப்போது வண்டிக்காக விடிகாலையில் எழுந்து போகிறார். கம்பூட்ஸ் இன்னும் புதுசாகவே இருக்கிறது. ரோஜாத் தொட்டிகளைத் தலைமை ஆசிரியரே பார்த்துக்கொள்கிறார். பக்கவாட்டில் எழுதிய கம்பெனிப் பெயருக்குக் கீழே 'ஹவுஸ் ஷிஃப்டிங் செய்து தரப்படும்' என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. போன் வந்தால் மனைவிதான் எடுக்கிறார். ரேட்டும் அவர்தான் பேசுகிறார், நன்றாகவே பேசுகிறார்.

வீடு மாறுவதாக இருந்தால் தாராளமாக நம்மவரைக் கூப்பிடுங்கள். சாமானைக் கீறாமல் கொண்டுவந்து இறக்குவார். மாமரத்தைக் கழிக்க வேண்டுமென்றால் எக்ஸ்.எல். பெரியவரைக் கூப்பிடுங்கள். குட்டி யானை வாடகை தனி.