"நல்லாத்தான் இருக்கு, ஆனா..."

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகும் சாலையில் இருக்கிறது தேவர்சோலை பஜார். ஆனி, ஆடி மழையில் டீக்கடை பெஞ்சுகளில் இடம் கிடைக்காது. பச்சைத் தேயிலை விலையைப் பேசித் தீர்த்த பிறகும் மழை விடாவிட்டால் ஒருவர் தொண்டையைச் செருமுவார். "போன வாரம் ஒரு நாவல் படிச்சேன்..."

இன்னார் என்று விரல் நீட்ட வேண்டாம். மலையில் பஜாருக்கு ஒருவர் இப்படி உண்டு. இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

எல்லாத் தீர்ப்பும் "நல்லாத்தான் இருக்கு" என்றே தொடங்கும். அது எழுத்தாளருக்கு வைக்கிற வணக்கம். அடி "ஆனா"வுக்குப் பிறகுதான் விழும். எஸ்டேட் நாவல் சிக்கிவிட்டால் நடை, உத்தி எதையும் பார்க்க மாட்டார். மேஸ்திரி மாதிரி நிரை நிரையாக நடந்து குற்றம் பிடிப்பார். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது வால்பாறை. அந்தக் குளிர் வேற, நம்ம குளிர் வேற." அதே மூச்சில், அந்த நாவலை ஒட்டி எடுத்த பாலாவின் 'பரதேசி' (2013) படத்துக்கும் தீர்ப்பு வந்துவிடும். எதைப் படித்தார், எதைப் பார்த்தார் என்று பிரித்தெடுப்பது கேட்பவர் பாடு. நீலகிரிக் கதைதானே என்று படுகர் வாழ்க்கையைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' பற்றிக் கேட்டால், "அது ஊட்டிப் பக்கம்" என்று எல்லைக்கல் நட்டுவிடுவார்.

ஒரு விலக்கு உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. அவருடைய அப்பா அப்படி வந்து இறங்கியவர். ஒற்றையறை லயத்தின் நெருக்கடியைச் சொல்லும் தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' பற்றிப் பேச்செடுத்தால் "படிச்சிருக்கேன்" என்பார். அவ்வளவுதான். அந்தக் கதைக்கு மட்டும் "ஆனா" கிடையாது.

மற்றபடி தயவு தாட்சண்யம் எதுவும் இல்லை. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' என்றதும், "இதுக்குப் போய்க் கதை எழுதணுமா? நைட்டு எங்க லயத்து வாசலுக்கு வந்து நில்லுங்க" என்று அழைப்பு விடுத்தார்.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் கரைத்துக் குடித்தவராக அவர் உலவியது 2023 வரைதான். இரண்டாம் பாகம் படம் வந்த சூட்டில் கல்கியை அக்கக்காகப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தபோது, கல்லாவில் இருந்த இக்கா கேட்டார்: "அப்போ அந்த மணிமேகலை கடைசியில என்ன ஆனா, சாரே?"

"மணிமேகலையா? அது சீத்தலைச் சாத்தனார் எழுதினதுல்ல!"

நாவல் முடிவதே வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர்விடுவதோடுதான். படத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. இக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கட்டன் சாயா கூடுதலாக வந்தது.

இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர். அவரிடம் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது, கெட்டுப்போய் வந்த மகள் தலையில் தண்ணீர் ஊற்றி அம்மா ஏற்றுக்கொண்டது சரியா என்று வாசகர்கள் கொதித்தார்கள். அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று பிறகு ஜெயகாந்தன் எழுதிய நாவல்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு 1972-ல் சாகித்திய அகாதமி விருது. "அன்னைக்கு எவனோ ஒருத்தன் டீக்கடையில உட்கார்ந்து 'ஆனா'ன்னு இழுத்திருக்கான், சார். இல்லேன்னா அந்த நாவல் ஏது?" இதில் அவரை மடக்குவது கஷ்டம். பாதி நியாயம் அவர் பக்கம் இருக்கிறது.

ஊட்டி பெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில் ஜெயமோகன் நண்பர்கள் கூடிய இலக்கிய முகாம்களுக்கு, பேசப்போகும் படைப்பை முன்கூட்டியே வாசித்துவிட்டு வர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. யாரோ அவரைப் போகச் சொன்னார்கள். "எல்லாரும் படிச்சுட்டு வந்தா, நான் எதைச் சொல்றது?" என்று மறுத்துவிட்டார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் அவரிடம் தாராளமாகப் புத்தகம் இரவல் கேட்கலாம். முதல் இருபது பக்கம் தவிர மற்றதெல்லாம் புத்தம் புதிதாக இருக்கும். துப்பறியும் நாவலோடு மட்டும் அந்த பெஞ்சில் உட்காராதீர்கள். பத்தேரி பஸ் வருவதற்குள் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவார். அதுவும் தப்பான ஆளை.