நாற்பது சதவீதம் தாண்டணும் சார்

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, “எத்தனை சதவீதம் வந்திருக்கீங்க?”

கல்யாணப் பந்தியில் கேட்பார். பல் டாக்டரிடம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறவரிடம் கேட்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டு வாசலில், செருப்பைத் தேடுகிற நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்பார். அந்த இங்கிதம் உண்டு. அவர் சிபாரிசு செய்த நாவலை நாம் வாங்கினோமா, நமக்கு அதில் விருப்பம் இருக்கிறதா என்பதெல்லாம் அவர் விசாரணைக்குள் வருவதில்லை. அவர் சொல்லிவிட்டார், ஆகவே நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். எங்கே இருக்கிறோம் என்பதுதான் பாக்கி.

அச்சுப் புத்தகக் காலத்தில் “பாதி படிச்சிருக்கேன் சார்” என்று மழுப்பிவிட்டுப் போகலாம். கிண்டிலில் அது நடக்காது. திரையின் அடியில் ஓரமாக எண் நிற்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடும், சிறிதாக்கினால் குறையும். பல தமிழ் மின்நூல்களில் பக்க எண்ணே கிடையாது. “அதனால சதவீதம்தான் சார் நம்பகமான கணக்கு” என்று எனக்கு விளக்கியவரும் அவரே. கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில். அந்த மாதமே கருவியை வாங்கியவர் அவர். அதைச் சொல்லும்போது, உப்புச் சத்தியாக்கிரகத்தில் நடந்துவிட்டு வந்தவர் மாதிரி முகம் கொஞ்சம் மேலே போகும்.

கதையையும் அப்படித்தான் சொல்லுவார். “பன்னிரண்டு சதவீதத்துல ஊர் வர்ணனை முடிஞ்சிடும். இருபத்தெட்டுல அந்தப் பொண்ணு வருவா. நாற்பது தாண்டணும் சார். தாண்டிட்டீங்கன்னா அப்புறம் கீழே வைக்க மாட்டீங்க. தொண்ணூத்து மூணுல கதை முடிஞ்சிடும், மிச்சமெல்லாம் பதிப்பகத்தோட மத்த புத்தகங்க பட்டியல்.” கதாநாயகன் பெயர் என்ன, ஊர் கோவில்பட்டிப் பக்கமா கும்பகோணமா என்றெல்லாம் கேட்டால் சற்றே எரிச்சல் வரும். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலப் பார்ப்பார்.

எந்த நாவலானாலும் நாற்பதுதான். கரிசல் மண் நாவல், ரஷ்ய மொழிபெயர்ப்பு, ஆவிக் கதை, அரசியல்வாதியின் தன்வரலாறு எல்லாமே அவரிடம் நாற்பதில்தான் சூடு பிடிக்கும். ‘வெண்முரசு’ 26 நாவல்கள். ஜெயமோகன் 2014-இல் தொடங்கி 2020-இல் முடித்தார். எழுதியவருக்கே ஆறேழு வருஷம் பிடித்த அந்தப் படைப்பைப் பற்றி இவர் சொன்னது: “முதல் நாற்பது பொறுத்துக்கிட்டீங்கன்னா மூணு மாசத்துல முடிச்சிடலாம் சார்.” எந்த நாவலின் நாற்பது, அல்லது மொத்தத்தின் நாற்பதா என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவார் என்று விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், கிண்டியில் மற்றவர்கள் “பாதி வந்தாச்சு” என்று சொல்லும்போது அவர் “ஐம்பது” என்கிறார்.

தப்பித்தவறி ஒரு முறை நான் அந்த நாற்பதைத் தாண்டினேன். மழை, விடுமுறை, மின்வெட்டு மூன்றும் சேர்ந்து வந்ததால் நடந்த விபத்து. நாவல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்தெட்டில் வரவேண்டிய பெண் ஐந்தாம் சதவீதத்திலேயே வந்து, முப்பத்தொன்றில் செத்தும் போயிருந்தாள். மறுநாள் அவரிடம், “அந்தப் பொண்ணு சாகிற இடம் மனசை என்னமோ பண்ணிடுச்சு சார்” என்றேன்.

“யாரு?” என்றார்.

அந்த ‘யாரு’வில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் பேசுவதைக் கவனமாகக் கேட்க ஆரம்பித்தேன். அவர் மேற்கோள் காட்டுகிற வரிகள், வியக்கிற உவமைகள், “இந்த நாவலோட ஆழமே எங்கே இருக்குன்னா” என்று தொடங்குகிற விளக்கங்கள் எல்லாம் புத்தகத்தின் முதல் பத்து சதவீதத்திற்குள் இருந்தன. காரணம் மர்மமில்லை. மின்நூல் கடையில் எந்தப் புத்தகத்தை வாங்குவதற்கு முன்பும் சாம்பிள் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து ஒரு துண்டு, ஏறக்குறைய பத்து சதவீதம், கொடுப்பார்கள். ஆங்கில நாவல் என்றால் அந்தப் பத்துக்குள் ஒரு கொலையாவது நடந்துவிடும். தமிழ்ப் புத்தகத்தின் சங்கதி வேறு. பதிப்புரை, வாழ்த்துரை, பேராசிரியர் ஒருவரின் அணிந்துரை, சக எழுத்தாளரின் இன்னோர் அணிந்துரை, என்னுரை, இரண்டாம் பதிப்பின் முன்னுரை, நன்றி நவிலல், சமர்ப்பணம். முதல் அத்தியாயத்தில் சேவல் கூவி, ஒருத்தி வாசல் தெளிக்க வாளியைத் தூக்குகிற இடத்தில் சாம்பிள் தீர்ந்துவிடும். வாங்கினால்தான் அவள் கோலம் போடுவாள்.

அவர் கருவியில் அப்படி வாளி தூக்கி நிற்கிறவர்கள் பல நூறு பேர்.

ஆனால் இந்தப் பழக்கம் அவரை ஒரு துறையில் நிபுணராக்கியிருப்பதை மறுக்க முடியாது. தமிழில் அணிந்துரை இலக்கியத்தை இவ்வளவு ஊன்றிப் படித்தவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எந்தப் பேராசிரியர் நாவலைப் படிக்காமலே எழுதுவார், எந்தக் கவிஞர் தன் நாவலைப் பற்றியே எழுதிவிட்டுக் கடைசி வரியில் மட்டும் இந்த நாவலை வாழ்த்துவார் என்று துல்லியமாகச் சொல்வார். “இவர் மூணாவது பத்தியில ரஷ்யாவுக்குப் போயிடுவார் சார். பாருங்க, போயிட்டார்.” இதையே ஒரு புத்தகமாக எழுதலாம். யார் அணிந்துரை தருவார்கள் என்பதுதான் சிக்கல்.

மற்ற வழக்கங்களைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைமாடி வெயிலில் நிறுத்தி, “பாருங்க, கண் கூசுதா?” என்று திரையைக் காட்டுவார், திரை கூசாது, வெயில் கூசும். ராத்திரி பதினொன்றுக்கு வாட்ஸப்பில் கோப்பு வந்து விழும். பாதி சமயம் அது பழைய புத்தகத்தின் ஸ்கேன். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம், நடுவில் தையல் நிழல், ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல். ஆறு அங்குலத் திரையில் அதைப் படிக்க ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் இழுத்து, இடப்பக்கம் தள்ளி, ஒவ்வோர் இழுப்புக்கும் திரை ஒரு முறை கறுத்து வெளுக்கும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருக்கும்; திறந்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் கலந்து யாரோ திட்டுவது போலத் தெரியும். எது வந்தாலும் காலையில் கேள்வி மட்டும் மாறாது.

இத்தனைக்கும் நான் அவரை முழுசாக வெறுக்க முடியாமல் போனதற்கு என் அத்தைதான் காரணம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அத்தைக்கு வாரப் பத்திரிகை எழுத்தே ஆடியது. இவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், தன் பழைய கருவி ஒன்றைக் கொண்டுவந்து, ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் ஏற்றி, எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்து, அத்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பக்கம் திருப்பச் சொல்லிக் கொடுத்தார். அந்த அளவில் ‘பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். நிமிஷத்துக்கு நாலு தரம் பக்கம் திருப்ப வேண்டும். அத்தை அலுத்துக்கொள்ளவில்லை. கல்கியில் 1950-இலிருந்து 54 வரை தொடராக வந்த காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் படித்து முடித்த பிறகு கைக்குக் கிடைத்த கதை. இப்போதுதான் முதல் ஆளாகப் படிக்கிறாளாம்.

அடுத்த வாரம் இவர் போனில் வழக்கம்போல, “எத்தனை சதவீதம் மாமி?”

“சதவீதமா? நான் படகுல போயிண்டிருக்கேன்டா. பூங்குழலி துடுப்புப் போடறா. நீ அப்புறமா கூப்பிடு.”

அவர் அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போனை என்னிடம் தரச் சொன்னார். என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இது நல்ல பக்கம். இன்னொன்று இருக்கிறது, அதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை. எழுதியவர் காலமாகி 60 ஆண்டு கடந்தால் யாருடையதும் பொதுச்சொத்து. 1998 பொங்கலிலிருந்து மதுரைத் திட்டத்தார் சங்க இலக்கியம் தொட்டு இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறார்கள்; தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது; ஈழத்து நூல்களுக்கு நூலகம் இருக்கிறது; எழுத்தாளர்களே மனமுவந்து கொடுத்தவற்றை மின்நூலாக்கி வெளியிடுகிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஆயுசு முழுக்க இவற்றை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாலும் தீராது. ஆனால் இவர் அனுப்புவதில் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கிறவர்களின் புத்தகம். போன வருஷம் வந்த நாவல். யாரோ அட்டையைப் பிய்த்து ஸ்கேன் போட்டது. கருவிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்தவர், அதற்குத் தோல் உறை வாங்கியவர், நாவலின் மின்நூல் விலை 99 ரூபாய் என்றால் “அநியாயம் சார்” என்கிறார். அச்சில் சில நூறு பிரதி போட்டு, அதையும் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவில் விற்க முடியாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிற ஆளிடமிருந்துதான் இந்த 99 ரூபாயையும் மிச்சம் பிடிக்க வேண்டுமா? கேட்டேன். “இலக்கியம் பரவணும் சார்” என்றார். அவர் விரும்பாத ஒரே சதவீதம் ராயல்டி.

போன மாதம் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு இருவரும் போயிருந்தோம். எனக்குத் தெரிந்த நாவலாசிரியர் ஒருவர் காபி டம்ளரோடு ஓரமாக நின்றிருந்தார். நான் தடுப்பதற்குள் இவர் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், உங்க நாவலை நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கேன்.”

எழுத்தாளர் முகம் மலர்ந்துவிட்டது. “நாற்பது பிரதியா? எந்தக் கடையில வாங்கினீங்க?”

“பிடிஎஃப் சார்.”

முகம் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனாலும் பெரிய மனசுக்காரர். எழுதுகிறவனுக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்கவும் முடியாது. “நாவல் எப்படி இருந்தது?” என்றார்.

“அணிந்துரை பிரமாதம் சார்.”

“அது நான் எழுதலைங்க.”

“அப்படியா?” என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார் இவர். “எழுதினவர் நம்பர் இருக்குங்களா? அவருக்கும் ஒண்ணு அனுப்பி வைக்கிறேன்.”