நாலே முக்காலே அரைக்கால்

புது ஜீப் வாங்கி, கோனியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு இறங்கினால், எதிரே ஒருவர் நிற்பார். மாலையைப் பார்க்க மாட்டார், பெயின்ட்டைப் பார்க்க மாட்டார். பின்சக்கரத்துப் பக்கம் குந்த வைத்து உட்கார்ந்து, டயரின் விலாவில் எழுதியிருப்பதைக் கல்வெட்டுப் படிப்பது போல விரலால் தடவிப் படிப்பார்.

"டயரு பெருசு பண்றீங்களா?"

இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. "இப்ப அப்படித்தானுங்க சொல்லுவீங்க. ஆறு மாசம் போகட்டும். எதுக்கும் கிரவுன் என்ன ரேஷியோன்னு கேட்டு வெச்சுக்குங்க."

இவர்தான் ரேஷியோ அண்ணன். கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒருவர் என்றால் பொய். பட்டறைக்கு ஒருவர் உண்டு. பிழைப்புக்குப் பம்புசெட் உதிரிபாகக் கடை. மற்றபடி, ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப் ஒன்று. ஊரார் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். அண்ணனுக்கு ஒரே பொருத்தம்தான்: டயரும் கிரவுனும்.

அவரோடு பந்தியில் உட்காரக் கூடாது. நான் ஒருமுறை உட்கார்ந்தேன். என் அப்பளத்தை எடுத்து இலை நடுவில் வைத்தார். "இது கிரவுன் வீல். ஆக்ஸிலுக்குள்ள சக்கரத்தச் சுத்தறது." என் வடையை எடுத்து அதன் ஓரத்தில் நிறுத்தினார். "இது பினியன். இன்ஜின்ல இருந்து வர்ற ஷாஃப்ட்டு நுனி. வடை அஞ்சு சுத்துச் சுத்துனா அப்பளம் ஒரு சுத்து. அதானுங்க ரேஷியோ." பெரிய டயருக்கு வந்தார். "புள்ளைக்கு அப்பன் செருப்ப மாட்டி உட்ட மாதிரி. எட்டு பெருசு, ஆனாக் காலைத் தூக்க முடியாது. அதுக்கு வடையச் சின்னதாக்கி, இல்லீன்னா அப்பளத்துல பல்லு சேர்த்து..." விளக்கம் முடிவதற்குள், பரிமாற வந்தவர் கிரவுன் வீலின் மேல் சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் போனாலும் பின்சீட்டுதான். கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து வரும் சத்தத்தைச் சங்கீதக் கச்சேரி மாதிரி கேட்பார். "கிரவுன் கத்துதுங் தம்பி. ஷிம் சரியா வெக்கல." பக்கத்தில் இருப்பவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார்.

மைத்துனர் ஒரு நாள், 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 போட்டதில் மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்பிக்கொண்டு வந்தார். அண்ணன் முகத்தில் விளக்கேற்றியது போல வெளிச்சம். "பெருசு போட்டா இழுவையில கொஞ்சம் கொறையத்தான் செய்யும். மிச்சம் மீட்டரு செய்யற வேலை! சக்கரத்தோட சுத்தத்தான் அது எண்ணுது. அது 60னு காட்டறப்ப நீ 66ல போயிட்டிருக்கற. 100 கிலோமீட்டர்னு சொல்றப்ப 110 தாண்டிட்ட." மைத்துனர் மலர்ந்த முகத்தோடு போனார். அடுத்த வாரம் அதே கணக்குப்படி வேகத்துக்கு அபராதம் கட்டினார்.

அண்ணனின் ஜீப்பில் என்ன கிரவுன் என்று கண்டுபிடித்த நாளில் நானும் உடனிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, டயரிலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு கிழித்தார். அடியில் பாய் விரித்துப் படுத்தார். நான் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால், இரண்டு சுற்றுக்குத்தான் கிரவுன் ஒரு சுற்று வரும்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... மெதுவா தம்பி... நாலு... இன்னும்... அரை... முக்கால்... நிறுத்துங்க!" ஐந்துக்கு ஏறத்தாழ அரைக்கால் குறைவு. மூன்று முறை சுற்றினோம். நடுவில் அண்ணி காபி கொண்டுவந்ததில் ஒரு முறை எண்ணிக்கை விட்டுப்போய், நான்கு முறை. கடைசியில் வண்டிக்கு அடியிலிருந்து தீர்ப்பு வந்தது: "4.88. முப்பத்தொம்போது-எட்டு."

கிரவுனில் 39 பல், பினியனில் 8. வகுத்தால் நாலே முக்காலே அரைக்கால். பினியனுக்கு எட்டுப் பல் என்பதால், கிரவுனில் கூடும் ஒவ்வொரு பல்லும் ஓர் அரைக்கால். நம் தாத்தாக்கள் இந்த ரேஷியோவைக் கால்குலேட்டர் இல்லாமலேயே சொல்லியிருப்பார்கள். இதன் பங்காளி 43-8, அதாவது 5.38, ஐந்தே காலே அரைக்கால். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு 4.88. போர் முடிந்து 1945-ல் அதே வில்லிஸ் கம்பெனி உழவர்களுக்கென்று இறக்கிய சி.ஜே-2ஏ ஜீப்புக்கு 5.38. போருக்கு ஓட்டம், ஏருக்கு இழுவை. நம் ஊர்ப் பழைய ஜீப்புகளும் இந்த வம்சம்தான்.

இனிக் கணக்கு ஒரே வரி. இப்போதைய டயர் 28 அங்குலம். அண்ணன் ஆசைப்படுவது 31. 4.88-ஐ 31-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் 5.40. கடையில் கிடைப்பது 5.38. ஜாதகம் இவ்வளவு அழகாகப் பொருந்துவது அபூர்வம். நாலாம் கியர் நேராக இணைகிற ஜீப்பில், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு, பழைய டயரும் பழைய கிரவுனும் சேர்ந்து இன்ஜினைச் சுமார் 2,900 சுற்று சுற்றவைக்கும். புது டயரும் புதுக் கிரவுனும் சேர்ந்தால் அதே 2,900. டயரை மட்டும் மாற்றினால் 2,600. ரோட்டில் சுகம், ஏற்றத்தில் மூச்சிரைப்பு.

விடை முதல் நாளே கையில். வேறு ஒருவர் மறுநாள் பட்டறைக்குப் போயிருப்பார். அண்ணன் மூன்று வருஷம் யோசித்தார்.

ஏனென்றால், 31 போட்ட பிறகு 33 போடத் தோன்றினால்? அதற்கு 5.75 வேண்டும், அப்போது 5.38 போதாது. சரி, 33 போடாமலேயே இருந்தால்? பின்னால் மாற்றினால் முன்னாலும் மாற்ற வேண்டும். ஒன்று 39-8, மற்றது 43-8 என்று வைத்து நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தால், முன்னும் பின்னும் ஆளுக்கொரு வேகத்துக்கு இழுக்கும். நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பங்காளிச் சண்டையில் விலக்கப்போனவன் கதிக்கு ஆளாகும். ஆக, செலவு இரட்டை. எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டில் எழுதினார். பச்சை மை சாதகம், சிவப்பு மை பாதகம். இரண்டு பேனாவும் ஒரே நாளில் தீர்ந்தன.

அண்ணி மட்டும் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்: "இந்த ஜீப்பு போன வருசம் பூரா வடவள்ளிக்குப் போச்சு, வந்துச்சு. நடுவுல மேடுன்னா அந்த ஸ்பீடு பிரேக்கரு ஒண்ணுதான். அதுக்கு எத்தன பல்லுங்க வேணும்?"

அண்ணன் நோட்டை மூடினார். "மலைக்குப் போனாத் தெரியும்."

மலைக்குப் போனோம். கொழுக்குமலை, ஏறத்தாழ 7,900 அடி. தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. சொந்த வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, விடிவதற்கு முன் உள்ளூர் ஜீப்பில் ஏறினோம். பாதை என்று அதைச் சொல்வது மரியாதைக்காக. பாறைகளின் மேல் பாறைகள். ஜீப்பில் இருந்ததோ சாதாரண டயர். டிரைவர் லோ கியரில் போட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ஏணிப்படி ஏறுவது போல ஏற்றினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். ரேஷியோவாவது மண்ணாவது என்று இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூன்று வருஷ நோய் தீர்ந்தது.

"அண்ணே, கிரவுன் என்னங்க?" என்று கேட்டே விட்டார் அண்ணன்.

"நாப்பத்திமூணு-எட்டு சார்" என்றார் டிரைவர், திரும்பாமலே. "முந்தி முப்பத்தொம்பது கெடந்துச்சு. ஆளு ஏத்துனா கிளட்ச் வாடை வந்துச்சு. மாத்திட்டேன்."

நான் தொலைந்தேன். அண்ணன் முன்சீட்டை நோக்கி ஊர்ந்தார்.

"எத்தன நாளு யோசிச்சீங்க?"

"எங்க சார் யோசிக்க? மறுநா காலைல ட்ரிப் இருந்துச்சு."

"பெரிய டயரு போடலீங்களா?"

"எதுக்கு சார்? டயர் பெருசானா கிரவுன் மாத்துன காசு வீணாப் போகும்ல?"

மேலே போய்ச் சேர்ந்தோம். கிழக்கே மேகக் கடல் சிவந்துகொண்டிருந்தது. எல்லோரும் கைபேசியை உயர்த்தி நின்றார்கள். அண்ணனை மட்டும் காணோம். ஜீப்புக்கு அடியில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

"அண்ணே, சூரியன் வந்துருச்சு!"

"வரட்டுங் தம்பி. தகட்டுல நம்பரு தெரியுது, பாத்துட்டு வந்தர்றேன்."

கீழே இறங்கியதும், வழியெல்லாம் அண்ணனின் 31 கதையைக் கேட்டிருந்த டிரைவர் சகபக்தனின் வண்டியைப் பார்க்கும் ஆவலோடு எங்கள் ஜீப்பைச் சுற்றி வந்தார். குந்த வைத்து உட்கார்ந்து டயரின் விலாவைத் தடவிப் படித்தார். நிமிர்ந்தார்.

"இது 28 சார். 31 எங்க?"

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "இன்னும் வாங்கலீங்க. ரேஷியோ முடிவாகாம எப்படி டயரு வாங்கறது?"

"அப்ப இப்ப இருக்கறது முப்பத்தொம்பதா?"

"ஆமாங்க."

"28-க்கு முப்பத்தொம்பது. வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுதுங்க" என்றார் அண்ணன், கொஞ்சம் வருத்தத்தோடு.

மூணாறு தாண்டும்வரை பேச்சே இல்லை. மறையூரில் டீக்கடை ஓரம் நிறுத்தியதும் நோட்டை எடுத்தார். வெகுநேரம் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில், பச்சை மையில், 28 – 4.88 – சரி என்று எழுதிக் கோடு போட்டார். மூன்று வருஷ ஆராய்ச்சி முடிந்தது. வண்டி இருக்கிறபடியே சரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது டீக்குச் சொன்னேன்.

அண்ணன் டீயை ஊதிக்கொண்டே நோட்டின் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"பக்கம் தீந்துபோச்சுங் தம்பி. உடுமலைல ஒரு நோட்டு வாங்கோணும்."