அறுவைக்கும் ஆராய்ச்சியா?

கேள்வி: மரம் அறுக்கக்கூட ஆராய்ச்சி வேண்டுமா? எங்கள் ஊர் மில்லில் கண்ணை மூடிக்கொண்டே அறுக்கிறார்களே!
— வாசகர், நஞ்சன்கூடு

பதில்: விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்!

'அறுவை', 'ரம்பம்' இரண்டையும் நாம் மேடைப் பேச்சாளர்களுக்குத் தாரைவார்த்துவிட்டோம். பெங்களூர் மல்லேஸ்வரத்திலோ அதையே பாடமாகப் படிக்கிறார்கள். 1938ல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய இடம், 1988ல் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆனது.

உங்கள் ஊர் ஈசன் உண்டது நஞ்சை. ரம்பம் உண்பது உங்கள் மரத்தை. வட்ட ரம்பம் வெட்டுக்கு 5 மில்லிமீட்டர் தின்றால், ஐந்தே வெட்டில் ஓர் அங்குலப் பலகை தூளாகப் போச்சு. 2 மில்லிமீட்டர் தின்னும் பட்டை ரம்பத்துக்கு (பேண்ட் சா) அதே பலகையை விழுங்கப் பன்னிரண்டு வெட்டுக்கு மேல் வேண்டும்.

தைல மரம் இன்னும் வில்லங்கம். வளரும்போது உள்ளே அடக்கிவைத்த இறுக்கத்தை, வெட்டியதும் முனையில் பிளந்து காட்டும், பலகையும் வளையும். இரு பக்கமும் மாற்றி மாற்றி அறுத்தால் கொஞ்சம் அடங்கும். (கூட்டுக்குடும்பத்துக்கும் பொருந்துமோ?)

"தூள் அடுப்புக்கு ஆகும் சார்" என்பார் மில்காரர். தேக்கு விலையில் அடுப்பெரிக்க வசதியிருந்தால் சரி.