தானே போட்ட தடை

கேள்வி: இங்கே லாபச்சீட்டுக்கூட வாங்காத அண்ணா, லண்டனில் ‘என்னைச் சூதாட விடாதீர்கள்’ என்று தானே பதிந்து கொடுத்திருக்கிறாராம். மனக்கட்டுப்பாடு போதாதா?
– வாசகி, புளியங்குளம்

பதில்: போதாது. தருமரிடம் இல்லாத கட்டுப்பாடா? இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்த பிறகும், மறுபடி கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தாரே! ஆபத்து அந்த இரண்டாவது அழைப்பில்தான். இன்று அது நள்ளிரவில் கைபேசிக்கு ‘இலவசப் பந்தயம்’ என்று வருகிறது.

அண்ணா சேர்ந்தது பெரும்பாலும் ‘கேம்ஸ்டாப்’ ஆக இருக்கும். 2018இல் தொடங்கிய இலவசச் சேவை. பெயர், பிறந்த திகதி, மின்னஞ்சல், முகவரி கொடுத்து ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று ஒரு தவணையைத் தெரிந்தெடுத்தால், பிரித்தானிய உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் அவரை ஏற்கக் கூடாது. நடுவில் மனம் மாறிக் கெஞ்சினாலும் தடை விலகாது. தவணை முடிந்தாலும் தானாக நீங்காது. அவரே கேட்க வேண்டும். தெளிந்திருக்கும் நேரத்து மனம், தடுமாறும் நேரத்து மனத்துக்கு முன்கூட்டியே இட்ட கட்டளை அது.

ஓட்டையும் உண்டு. உரிமமில்லாத வெளிநாட்டுத் தளங்கள் இதில் அடங்கா. பந்தயக் கடைகளுக்குத் தனியாகப் பதிய வேண்டும். வங்கி அட்டையில் சூதாட்டக் கொடுப்பனவை நிறுத்தும் வசதியும் பல வங்கிகளில் உண்டு. அதையும் செய்யச் சொல்லுங்கள்.

நம் இலங்கையிலும் 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது. இப்படியொரு பதிவேடு, தமிழிலும், அந்த அதிகாரசபையின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

அண்ணாவிடம் ‘வெட்கக்கேடு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தடை போடத் துணிந்தவர், கடன் இருந்தால் அதையும் சொல்லத் தயாராக இருப்பார். அடுத்த முறை பேசும்போது பக்குவமாகக் கேளுங்கள்.