அரியலூர்க் கடற்கரை

சின்ன வயதில் பார்த்த கடலோர ஊருக்கு மறுபடி போனால், கடல் ஊருக்குள் வந்திருக்கும். தரங்கம்பாடிக்காரர்களைக் கேளுங்கள், மாசிலாமணிநாதர் கோயிலை அலை தின்ற கதையைச் சொல்வார்கள். எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் அந்தத் தொல்லையே இல்லை. எங்கள் கடல் 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டது.

சாமான்களை மட்டும் எடுத்துப் போகவில்லை. காரையில் அம்மோனைட் சுருள்கள், கல்லங்குறிச்சியில் சிப்பிப் படுகை, சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். அந்த மரத்தை 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக நாங்கள் டவுசர் பை கிழியக் கிழியச் சிப்பி பொறுக்கினோம். இன்று அதே சிப்பியை லாரி பொறுக்குகிறது.

ஆம், சுண்ணாம்புக்கல். செத்த கடலுயிர்களின் ஓடுதான் அது. வெட்டி, அரைத்து, சுமார் 1,450 டிகிரியில் சுட்டால் சிமென்ட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘கடல் பார்த்த வீடு’ என்று கோடிகளைக் கொட்டுகிறவர்கள் கவனிக்க: உங்கள் சுவருக்குள்ளேயே எங்கள் கடல் இருக்கலாம். பால்கனிக்குத் தனிக் காசு கொடுத்தது வீண்.

மிச்சக் கடலைப் பார்க்க நினைப்பவர்கள் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். நீச்சலுடை வேண்டாம். மூக்கை மூட ஒரு துண்டு போதும். வழியில் சிமென்ட் லாரிக்கு ஒதுங்கி வாருங்கள்.