திருகாணியும் தோல்வியும்: மின்பகிப் பந்தயம் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கோணல் எத்தனை டிகிரி என்று அளந்து காட்ட அவளிடம் கருவி இல்லை; ஊர் சிரித்துவிட்டது. மேடுபள்ளத்தில் மின்பகி (ரிமோட்டில் ஓடும் சின்ன மின்சார ‘பகி’ கார்) விட்டுப் பந்தயம் போடுபவரிடம் அந்தக் கருவி இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கோணமானி. சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்தால் அரை டிகிரிச் சாய்வையும் காட்டிக்கொடுத்துவிடும். தோற்றுத் திரும்பியவர் அதை எடுத்தால் யாரும் சிரிப்பதில்லை. பக்கத்து மேசைக்காரர் இரவல் கேட்கிறார். இந்த ஒரு வேறுபாட்டின்மேல் எழுப்பப்பட்டதே இவ்வாய்வு.

எல்லையை முதலில் வரையறுப்பது ஆய்வு மரபு. நைட்ரோ குடித்துப் புகை கக்கும் பெரிய வண்டிகள் இங்கே விலக்கப்பட்டன. அவற்றை ஓட்டுபவர்களுக்கு எல்லாத் தோல்விக்கும் எஞ்சின் என்ற ஒரே காரணம் போதுமானதாக இருப்பதால் ஆய்வுக்குச் சுவை குறைவு. பிறந்தநாளுக்கு வாங்கி, மறுநாள் மாலைக்குள் சோபாவுக்கு அடியில் ஒதுங்கிவிடும் பொம்மைக் கார்களும் விலக்கு. நாம் எடுத்துக்கொள்வது அசல் காரின் பத்தில் ஒரு பங்கு அளவில், 7.4 வோல்ட் லிப்போ பேட்டரி சுமந்து, ரிமோட்டின் சொல் கேட்டு ஓடும் பகியை மட்டும். பின்சக்கரம் மட்டும் சுழலும் வண்டி 1,474 கிராமுக்குக் குறையக் கூடாது, நான்கு சக்கரமும் சுழல்வது 1,588 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி. 1,500 என்று முழுசாக வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் 52 அவுன்ஸையும் 56 அவுன்ஸையும் கிராமாக மாற்றிப் பார்த்துத் தெளிக.

நமது கருதுகோள் இது: ஒரு பகியில் எத்தனை இடத்தில் திருக முடியுமோ, அத்தனை காரணம் அதன் உரிமையாளரின் தோல்விக்கு உண்டு. இந்த வண்டிகள் திருகுவதற்காகவே செய்யப்படுகின்றன. ஓடுவது இடையில் வரும் தொந்தரவு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1979-இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற இரு வண்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடற்கரை மணலில் ஓடும் அசல் பகிகளைப் பார்த்துச் செய்தவை, பார்க்க லட்சணமானவை, பின்னால் வந்தவற்றோடு ஒப்பிட்டால் திருக அதிகம் இடமில்லாதவை. அக்காலத்தில் தோற்றவர் தோற்றவரே. 1984-இல் கலிஃபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்.சி.10 என்ற வண்டியைத் தந்தது. பொன்னிறம் ஏற்றிய அலுமினியத் தொட்டி வடிவ அடித்தட்டு, எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர், நீளம் கூட்டிக் குறைக்கும் கம்பிகள். மறு ஆண்டே அதே மாநிலத்து டெல் மார் என்ற ஊரில் இவ்வகை வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. இருசக்கர இயக்கப் பிரிவில் வென்றது ஆர்.சி.10. திருகாணி யுகம் பிறந்த ஆண்டு எது என்று கேட்டால் 1985 என்று துணிந்து எழுதலாம்.

இனி உறுப்பிலக்கணம். சக்கரம் உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். முன்பக்கம் குவிகிறதா, விரிகிறதா என்பது டோ. முன்சக்கரம் திரும்பும் அச்சு எவ்வளவு மல்லாந்திருக்கிறது என்பது கேஸ்டர். தரைக்கும் அடித்தட்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பது ரைடு ஹைட். ஸ்பிரிங்கின் வலிமையைப் பெரும்பாலும் நிறத்தால் சொல்வார்கள். ஒரு கம்பெனியின் நீலம் இன்னொரு கம்பெனியின் நீலம் அன்று. ஷாக் அப்சார்பருக்குள் ஊற்றும் சிலிக்கான் எண்ணெய் 30, 32.5, 35 என்று அரைப்படியாக ஏறும். 30-க்கும் 32.5-க்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் அமுக்கிப் பார்த்து உணர்ந்துவிட்டதாகச் சொல்பவர் பந்தயக்கூடந்தோறும் இருப்பார். வெயில் ஏற ஏற அந்த எண்ணெய் தானே இளகிவிடும் என்பதை அவரிடம் சொல்லக் கூடாது. அடுத்து, இரு பக்கச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல். அதில் ஒரு வகை, இரு வளையங்களுக்கு நடுவே குண்டுமணி எஃகு உருண்டைகளை வைத்து இறுக்குவது. காஸ்வொர்த் எஞ்சின் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, பிறகு இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் தம் பெயரிலேயே கம்பெனி தொடங்கிய செசில் ஷூமாக்கரின் கண்டுபிடிப்பு அது. அதிலும் ஒரு திருகாணி உண்டு. கால் சுற்று கூடினால் வளைவில் ஒரு குணம், குறைந்தால் வேறு குணம். கூடவே ஸ்லிப்பர் கிளட்ச், பினியன் பற்கள், பேட்டரி இருக்கும் இடம், பந்துமுனைக்கு அடியில் போடும் ஒரு மில்லிமீட்டர் வாஷர்.

ஒரு கணக்குப் போடுவோம். இப்படித் திருகும் இடங்கள் பன்னிரண்டு என்று மிகக் குறைத்தே கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஐந்தே நிலை. மொத்தச் சேர்க்கைகள் 24 கோடியே 41 லட்சத்து 40 ஆயிரத்து 625. ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால், உண்ணாமல் உறங்காமல், பேட்டரி மாற்றக்கூட நிற்காமல், ஏறத்தாழ 2,322 ஆண்டு ஆகும். சங்கப் புலவர்களுக்கும் மூத்த தலைமுறையில் யாரோ தொடங்கி வைத்திருந்தால் இப்போது முடியும் தறுவாயில் இருக்கும். எவ்வளவு தோற்றாலும் “இன்னும் சரியான செட்டப் அமையவில்லை” என்று ஒருவர் சொன்னால், கணிதப்படி அவரை மறுக்க வழியில்லை. கருதுகோளுக்கு இது முதல் சான்று.

இந்தக் கடலைக் கடக்கத் தோணியாக வந்ததுதான் செட்டப் தாள். வண்டியின் கோட்டுப்படம் அச்சிட்ட ஒரு பக்கம். எந்தத் துளை, எந்த எண்ணெய், எத்தனை வாஷர் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பெரிய ஓட்டுநர்கள் வென்ற பிறகு தங்கள் தாளைக் கம்பெனி வழியாக வெளியிடுவார்கள். மற்றவர்கள் படியெடுப்பார்கள். ஏட்டுச்சுவடிக்கு நேர்ந்த கதியெல்லாம் இதற்கும் நேர்கிறது. முன் ஸ்பிரிங் வென்றவரிடம் பச்சை, படியெடுத்தவர் வீட்டில் பச்சை இல்லை, ஆகவே வெள்ளை; மூன்றாமவர் அந்த வெள்ளையை மூலபாடம் என்று நம்புகிறார். ‘தரையின் தன்மை’ என்ற கட்டம் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. இத்துறையின் பேராசான் ஜப்பானியரான மசாமி ஹிரோசாகா. பல பிரிவுகளிலும் சேர்த்து 14 உலகப் பட்டம் வென்றவர். அவர் தாளைத் திருகாணி பிசகாமல் படியெடுத்தால் அவர் வண்டி கிடைக்கும். ரிமோட்டின் விசையை அழுத்தும் அவருடைய விரலுக்குத் தாளில் கட்டமில்லை.

தரையின் தன்மை என்றேன். இவ்விடத்தில் சற்றே நின்று செல்ல வேண்டும். தமிழ் படித்தவன் கைக்கு இத்துறையில் அகப்படும் ஒரே பகுதி இதுதான். பகி ஓடும் நிலங்களுக்கு முதல், கரு, உரி மூன்றும் உண்டு. அமெரிக்க உட்கூடங்களின் களிமண் ஒரு திணை. தண்ணீர் தெளித்து, அழுத்தி, ஓடி ஓடிக் கண்ணாடிபோல் ஆன தரை. இதன் கருப்பொருள் வழுவழு டயர். தடமே இல்லாத டயர் கடைக்கு வருமுன், தடமுள்ள டயரை முழுக்காசு கொடுத்து வாங்கி, தடத்தைத் தாங்களே தேய்த்து எடுத்தவர்கள் இவர்கள். இங்கே உரிப்பொருள் ஐயம்: தேய்த்தது போதுமா, இன்னும் தேய்க்கலாமா. பிரிட்டனின் மைதானப் புல் மற்றொரு திணை. முள் நீண்ட டயர். உரிப்பொருள் மழைக்காக வானத்தைப் பார்த்திருத்தல். ஐரோப்பாவில் பரவிய செயற்கைப் புல் மூன்றாவது. குட்டை முள் டயர். பிடி தாராளம், அதுவே வினை. வளைவில் டயர் வழுக்க மறுப்பதால் வண்டி பக்கவாட்டில் உருண்டுவிடும். உரிப்பொருள் கவிழ்தலும் கவிழ்தல் நிமித்தமும். கூடத்தில் விரிக்கும் கம்பளம் நான்காவது, தூசியில்லை, சேறில்லை, வெயிலில்லை, குறை சொல்லத் தரையுமில்லை, உரிப்பொருள் தனிமை.

பாலை எங்கே என்பீர்கள். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது என்பது இளங்கோவடிகள் காலத்திலேயே தீர்ந்த வழக்கு: முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை. திறந்தவெளிக் களிமண் தடமும் அப்படித்தான். காலையில் ஈரம் பூத்து, கறுத்து, டயரைக் கவ்விப் பிடிக்கும். நடுப்பகலில் காய்ந்து பொடியாகி, அதே டயரை அதே வளைவில் கைவிடும். இங்கே உரிப்பொருள் பிரிவு என்பதில் பழைய புலவர்களோடு நமக்குக் கருத்து வேறுபாடில்லை. பிரிவது எப்போதும் பின்சக்கரம்.

மோட்டாரை எங்கே வைப்பது என்பதில் இரு மதங்கள் உண்டு. பின் அச்சுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும், அப்போதுதான் பாரம் பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தும் என்பது பழைய மதம். அச்சுக்கு முன்னே, வண்டியின் நடுவை ஒட்டி வைக்க வேண்டும், வளைவில் வால் வீசாது என்பது புதிய மதம். பொடிமண் ஆண்டவரை முன்னதே வென்றது. தரைகள் பிடி மிகுந்தவையாக மாறியதும் 2010-களில் பின்னது மேலோங்கிவிட்டது. மாறியது தரை, வாதத்தில் தோற்றது மோட்டார். ஒரே வண்டியை இரு விதமாகவும் மாட்டிக்கொள்ளச் செய்தால் சமரசம் உண்டாகும் என்பாரும் உளர். அப்படியும் வண்டிகள் வந்தன. சமரசம் உண்டாகவில்லை, திருகும் இடம் ஒன்று கூடிற்று.

இனி மறுத்தே ஆகவேண்டிய ஒரு பிழைக்கொள்கை. பத்தில் ஒரு பங்கு வண்டி மணிக்கு 50 கி.மீ. போனால் அது அசல் காரில் 500 கி.மீ.க்குச் சமம் என்று இத்துறையார் விருந்தினரிடம் சொல்வதுண்டு. புவியீர்ப்பு வண்டியோடு சேர்ந்து சுருங்குவதில்லை. அதைக் கணக்கில் கொண்டால் பெருக்க வேண்டியது பத்தால் அன்று, பத்தின் வர்க்கமூலமான 3.16-ஆல். வருவது 158 கி.மீ. விருந்தினர் முகத்தில் வியப்புக் குறையும் என்பதால் இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் இதே கணக்கு அவர்களுக்குச் சாதகமாகவும் பேசுகிறது. பகி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது, அளவுப்படி அசல் வண்டி பத்து மீட்டரிலிருந்து விழுவது. மூன்று மாடி. அதற்குப் பத்து மீட்டருக்கு 1.4 விநாடி கிடைக்கும். இதற்குக் கிடைப்பது 0.45 விநாடி. ஷாக் அப்சார்பர் எண்ணெய்க்காக ஒருவர் இரவெல்லாம் விழித்திருப்பதை இதற்குப் பிறகு நாம் கேலி செய்வதற்கில்லை.

அந்த 0.45 விநாடியிலும் ஒரு வித்தை உண்டு. மேட்டிலிருந்து எகிறி அந்தரத்தில் போகும் வண்டிக்குத் தரை இல்லை, ஆனால் சக்கரம் இருக்கிறது. விசையை அழுத்தினால் சக்கரம் முன்னோக்கி வேகமாகச் சுழல, அதற்கு ஈடாக உடல் எதிர்ப்பக்கம் திரும்பி மூக்கு மேலெழும். பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். கோண உந்தம் மாறாமை என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்கு எழுதியதை இங்கே பத்து வயதுப் பையன் விரலால் செய்கிறான். கவனிக்க: இதற்குத் திருகாணி எதுவும் கிடையாது. இந்தக் கலையைப் பற்றித் தோற்றவர்கள் அதிகம் பேசாததன் காரணம் இப்போது விளங்கும்.

நம் கருதுகோளைச் சோதிக்கப் பந்தய நாளைப் பார்த்தாலே போதும். தகுதிச் சுற்று ஒன்றுக்கு ஐந்து நிமிடம். அத்தகைய சுற்றுகள் சில. முதல்தர இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டால் மூன்று ஓட்டம், அதில் சிறந்த இரண்டு மட்டும் கணக்கு. காலையில் வந்து இருட்டும்வரை இருப்பவர் கையில் வண்டி ஓடுவது அரைமணி நேரம் சொச்சம். மற்ற நேரமெல்லாம் மேசையில், அலென் கீயும் கையுமாக. தடத்துக்கு அடியில் புதைத்த கம்பி வளையமும் வண்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றையும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை எழுதி வைக்கும். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும்: பின்தங்கியவரின் ஒரு நல்ல சுற்றுக்கும் வென்றவரின் நல்ல சுற்றுக்கும் வேறுபாடு அற்பம். மற்ற சுற்றுகளில் பின்தங்கியவர் எங்கேயோ கவிழ்ந்து கிடந்திருக்கிறார். கேம்பரை அரை டிகிரி மாற்றி மீட்பது நூறில் சில பங்கு விநாடி. ஒருமுறை கவிழ்ந்தால் போவது பல விநாடி. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே அவர் மேசைக்குப் போய்க் கேம்பரை மாற்றுகிறார். கருதுகோள் நிறுவப்பட்டது.

ஆய்வாளர் என்ற முறையில் புதியவர்களுக்கு ஒரே பரிந்துரை: வண்டிப் பெட்டியோடு வரும் கையேட்டில் சொன்ன செட்டப்பை அப்படியே வைத்து, ஒரு பருவம் முழுக்க எதையும் திருகாமல் ஓட்டுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

கவிழ்ந்த வண்டி தானாக நிமிராது. தடத்தோரம் நிற்கும் மார்ஷல்தான் ஓடிவந்து நிமிர்த்த வேண்டும். மார்ஷல் தனி ஆள் அல்ல; பொதுவாக, முந்தைய பந்தயத்தில் ஓட்டியவர்களே அடுத்த பந்தயத்துக்கு மார்ஷலாக நிற்கிறார்கள். தோற்றவருக்கும் விலக்கு இல்லை. ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, திருகாணியைத் தொடுமுன்னே, அவர் போய்த் தடத்தில் நிற்க வேண்டும். போகாதவரின் சிறந்த தகுதிச் சுற்று கணக்கிலிருந்து நீக்கப்படும்.